வயர் கொழுவியிருக்கா?

வேலைகளை நான் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பெற்ற தாய் வேலிக்கு மேலால் எட்டிப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியவை ஒரு வகை. 'மகன் வாத்தியார்', 'மகன் வங்கியில இருக்கான்' என்பதோடு விஷயம் முடிந்துவிடும். சொல்லத் தொடங்கி, நடுவில் தடக்கி, 'என்னமோ பெரிய படிப்புத்தான் புள்ள' என்று முடிக்கவேண்டியவை மற்ற வகை. என் வேலை அந்த மற்ற வகை. அதனால் ஒருமுறை என் கல்யாணமே கைநழுவப் பார்த்தது.

மின்சாரம் கொடுத்தால் நீளும் ஒருவகைப் பீங்கான் இருக்கிறது. பீசோ பீங்கான் என்பார்கள். நீளும் என்றதும் றப்பர் பட்டியை நினைத்துவிட வேண்டாம். விரல் நீளத் துண்டுக்கு முழு மின்சாரத்தையும் கொடுத்தால், ஒரு தலைமயிரின் தடிப்பில் பாதியளவு நீளும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாதி மயிரளவு அசைவைச் சொன்னபடி கேட்கவைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பொருட்களையெல்லாம் கச்சிதமாக நகர்த்தி வைக்கலாம். கேட்கவைப்பதில்தான் வில்லங்கம். சூடு கொஞ்சம் ஏறினால் போதும், இந்தப் பீங்கானின் குணம் மாறிவிடும். நீளச் சொன்ன அளவுக்கு நீளாது. சும்மா இருக்கச் சொன்னால் இராது. அந்தச் சூட்டை எப்படிச் சமாளிப்பது என்பதே என் ஆராய்ச்சி. ஆறு வருடங்களாக, குளிரூட்டிய அறைக்குள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, வெப்பத்தைப் பற்றி ஆராய்ந்தேன். (சிரிக்கலாம். சுகந்தியும் சிரித்தவள்தான்.)

சுகந்தி விவசாயப் போதனாசிரியை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் காலத்தில் தொடங்கிய பழக்கம். அவளுடைய அப்பா கணபதிப்பிள்ளை, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டையில் வயல் செய்கிறவர். மகள் விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார்.

"பொடியன் நல்லவனா இருக்கலாம். ஆனா என்ன வேல செய்யிறான் எண்டு எனக்கு விளங்கோணும். விளங்காத ஆள வளவுக்குள்ள எடுக்கேலாது."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது. அவருடைய மகளுக்கென்று கட்டிய வீட்டில், அவருடைய கண்ணுக்கு முன்னால், காலமெல்லாம் இடுப்பில் சாரத்தோடு உலாவப் போகிறவன் நான். போதாக்குறைக்கு, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்யும் ஒருவனின் சாதகக் குறிப்பும் அவர்கள் வீட்டு அலுமாரிக்குள் வந்து கிடந்தது. கச்சேரி வேலையை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"ஞாயித்துக்கிழமை சாமான கொண்டுவந்து அப்பாக்கு விளங்கப்படுத்துங்க" என்று சுகந்தி தொலைபேசியில் சொன்னாள். "அவருக்கு விளங்காட்டி, திங்கக்கிழமை மற்றக் குறிப்பத் தூக்கிக்கிட்டுச் சாத்திரியாரிட்டப் போயிருவார்."

நான் அனுமதி கேட்டு, கையெழுத்து வைத்து, ஆய்வுகூடத்திலிருந்து சாமானை எடுத்து வந்தேன். மெல்லிய அலுமினியச் சட்டம் ஒன்று, அதற்குள் பீங்கான் துண்டு, அதன் நுனியில் நகத்தளவு கண்ணாடி, மின்சாரம் கொடுக்கப் பொத்தானோடு ஒரு மின்பெட்டி. லேசர் விளக்கின் ஒளியை அந்தக் கண்ணாடியில் பாய்ச்சினால் எதிர்ச் சுவரில் சிவப்புப் பொட்டு ஒன்று விழும். பொத்தானை அழுத்தினால் பீங்கான் நீளும், கண்ணாடி கடுகளவு திரும்பும், தூரத்துச் சுவரில் பொட்டு இரண்டு விரற்கடை ஏறும். கைவிட்டால் இறங்கும். பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் என்று நம்பினேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து என்னை அழைத்துப் போனவர் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். வேன் அவருடையது, வாயும் அவருடையது. சித்திரை வெயில். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குள் இறங்கியதும், வெறுங்கையோடு போகக்கூடாது என்று எருமைத் தயிர் வாங்க நிறுத்தினார். தயிர்க்காரரோடு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினார். பிறகு இரண்டு தயிர்ச்சட்டிகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, மடியில் இருந்த என் சாமான் பெட்டியைத் தூக்கிப் பின்னால், வெயில் விழும் கண்ணாடி ஓரமாக வைத்தார்.

"ஏசிக் காத்துப் படாட்டித் தயிர் புளிச்சுப்போகும்" என்றார்.

நான் ஓமென்று தலையாட்டினேன். வெப்பத்தில் ஆறு வருட ஆராய்ச்சி செய்த நான், தயிரைக் குளிரிலும் பீங்கானை வெயிலிலும் வைத்துக்கொண்டு உன்னிச்சைக்குப் போனேன். தயிர் கொஞ்சமும் புளிக்கவில்லை என்பதைப் பிற்பாடு எல்லோரும் உறுதிப்படுத்தினார்கள்.

இங்கே தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்தப் பீங்கானைச் சும்மா சூடாக்கினாலே அதற்குள் மின்சாரம் சேரும். ஆகவே கொண்டுதிரியும்போது அதன் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடவேண்டும். அப்போதுதான் சேர்வது சேரச் சேர வடிந்துபோகும். முதல் வருட மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டுச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அன்றைக்கு முனைகளை முறுக்க மறந்துவிட்டேன். முறுக்கியிருந்தது என் மீசையை மட்டும்தான்.

வீட்டில் வரவேற்பு நன்றாகவே இருந்தது. மாமா (அப்போதே மனதுக்குள் மாமாதான்) வெள்ளை வேட்டியும் புதுப் பனியனுமாக இருந்தார். நான் பெட்டியைத் திறந்து சாமானை மேசையில் வைத்ததுதான் தாமதம், மாமி உள்ளே போய் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து அதன் கீழ் விரித்தார். பிறகு நிறைகுடம் வந்தது. பிறகு குத்துவிளக்கு வந்து, சாமானுக்கு ஒரு சாண் தூரத்தில் அமர்ந்து, ஐந்து திரியோடும் எரியத் தொடங்கியது. மறுபக்கத்தில் சாம்பிராணிச் சட்டி.

உழவு மிசின் வந்தாலும் வெட்டுமிசின் வந்தாலும் அந்த வளவில் இதுதான் முறையாம். விளக்கேற்றிப் பொட்டு வைக்காமல் எந்த இயந்திரத்தையும் இயக்கமாட்டார்களாம். சூடு ஆகாத சாமான், விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பெண் கேட்டு வந்த வீட்டில் ஏற்றிய விளக்கை அப்பால் கொண்டுபோங்கள் என்று எந்த மடையன் சொல்வான்? எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

மாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். சாமானைச் சுற்றிப் பார்த்தார். பொட்டு வைக்க வாகாக, கண்கள் போல் இரண்டு வயர் முனைகள் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றன. ஈரச் சந்தனத்தை இரண்டு விரல்களில் எடுத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் வைத்தார்.

"எண்டம்மே."

சந்தனக் கிண்ணம் மாமாவின் புதுப் பனியனில் போய் விழுந்தது. மாமி கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். அத்தான் ஓடிப்போய் வீட்டின் பிரதான சுவிட்சை அணைத்தார். (வேனில் வந்த மின்சாரத்துக்கு வீட்டுச் சுவிட்ச் என்ன செய்யும்.)

மாமா பனியனைத் துடைக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க இன்னும் கரண்ட் குடுக்கல்லயே?"

"குடுக்கல்ல மாமா."

"மறுகா எப்பிடிக் கரண்ட் அடிச்ச?"

அருமையான கேள்வி. அதற்கு நான் ஐந்து நிமிடம் பதில் சொன்னேன். அந்தப் பதிலில் தமிழ் என்று இருந்தது 'ஆகவே' என்ற சொல் மட்டும்தான். சுகந்தி குசினி வாசலில் நின்று நெற்றியைத் தடவினாள். திங்கட்கிழமையும் சாத்திரியாரும் கண்முன்னே வந்து போனார்கள்.

எப்படியாவது செய்துகாட்டித் தப்பிக்கவேண்டும். மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். சேர்ந்த மின்சாரம் வடிந்துவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்றேன். மாமி ஓம் மகன் என்றார். அந்த ஓமில் நம்பிக்கை மருந்துக்கும் இல்லை. பிரதான சுவிட்சைத் திரும்பப் போட்டோம். வயர்களை மின்பெட்டியில் கொழுவினேன், பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பொட்டு நன்றாகத் தெரியவேண்டும் என்று யன்னல்களைச் சாத்தினோம். அஸ்பெஸ்டஸ் சீற் கூரைக்குக் கீழ் ஒரு வெக்கை எழும்பியது பாருங்கள், இட்லிப் பானைக்குள் இருப்பதுபோல இருந்தது. மாமா எழுந்து, மூலையில் நின்ற தலையாட்டும் மின்விசிறியை, விளக்கு அணையாத அளவுக்கு மெதுவாகப் போட்டுவிட்டுத் தன் கதிரையில் வந்து அமர்ந்தார்.

நான் எதிர்ச் சுவரடியில் நின்று பொட்டைச் சரிபார்த்தேன். அது சுவரில் தொங்கிய கடையில் கொடுத்த மாதக் கலண்டரில், புதன்கிழமைக் கோட்டில் வந்து விழுந்தது. இந்த இரண்டு நிமிட இடைவெளியில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

திரும்பி வந்து பொத்தானைக் கையில் எடுத்தேன்.

"மாமா, சுவரப் பாருங்க. இப்ப நான் அழுத்தப் போறன்."

அழுத்தினேன். பொட்டு மெல்ல மெல்ல மேலே ஏறியது. இருபத்தோராம் தேதியிலிருந்து கிளம்பிப் பதினான்காம் தேதிக்குப் போனது. கைவிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கி வந்தது. மறுபடி அழுத்தினேன், ஏறியது. ஆய்வுகூடத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது இங்கே சோம்பலாக நடந்தது. வெக்கையில் பீங்கானும் களைத்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். (ஆறு வருடம் படித்தவனின் விளக்கம் அது.) கொஞ்ச நேரத்தில் அதன் தாளம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. எப்போது அழுத்தவேண்டும், எப்போது விடவேண்டும் என்று கை தானாகவே அறிந்துகொண்டது.

அத்தான் நேர்முக வருணனை தொடங்கினார். "பாருங்க மாமா, கைய வச்சான், ஏறுது. எடுத்தான், இறங்குது. வெளிநாட்டுல இருந்து இதப் பாக்க வருவாங்க."

நான் அடக்கமாகச் சிரித்தேன். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுகையால் அழுத்தினேன். சுகந்தி குசினி வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள், உடனே கண்ணைக் கீழே தாழ்த்தினாள். மறுபடி பார்த்தாள், மறுபடி தாழ்த்தினாள். நாலு வருடம் பழகியவளுக்கு இன்றைக்குத்தான் இந்த வெட்கம் வந்திருக்கிறது, என் திறமையைப் பார்த்து வந்திருக்கிறது என்று உள்ளம் பூரித்துப்போனேன். இன்னும் ஆறு தடவை அழுத்தினேன். அவள் இப்போது புருவத்தையும் சேர்த்து நிலத்தை நோக்கி ஆட்டினாள். இவ்வளவு வெட்கம் ஒரு பெண்ணுக்கு ஆகாது என்றுகூட நினைத்தேன்.

மாமா மட்டும் சுவரைப் பார்க்கவில்லை. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இந்தப் பக்கம் தலையைத் திருப்பும்போது பார்த்தார். அந்தப் பக்கம் திருப்பும்போது சுவரைப் பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று தேடுகிறவரின் பொறுமையோடு ஏழெட்டுத் தரம் இப்படிப் பார்த்துவிட்டு, எழுந்து போய், மின்விசிறியின் தலையாட்டலை நிறுத்தினார். அது சாமானைப் பார்க்காமல் குசினிப் பக்கமாக நின்றுகொண்டது.

"இப்ப அழுத்துங்க தம்பி."

அழுத்தினேன். பொட்டு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. ஏறிக்கொண்டே போனது.

"இப்ப விடுங்க."

விட்டேன். அது என்னைச் சட்டை செய்யவில்லை. பதினான்கைத் தாண்டி ஏழாம் தேதிக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பொத்தானைத் தட்டினேன், குலுக்கினேன், இரண்டு கையாலும் அமத்தினேன்.

"நீங்க அழுத்துறதுக்கு அது அசையல்ல" என்றார் மாமா, சாந்தமாக. "ஃபேன் காத்துப் பட்டா இறங்குது. காத்து விலகினா விளக்குச் சூட்டுக்கு ஏறுது. நீங்க ஃபேனுக்குத் தாளம் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க."

"இல்ல மாமா, பச்ச லைட் எரியுது..."

"லைட் எரியுது. வயர் கொழுவியிருக்கா?"

குனிந்து பார்த்தேன். சுகந்தி அவ்வளவு நேரமும் கண்ணால் காட்டிய இடத்தில், மேசைக்குக் கீழே, வயர் இரண்டும் நிலத்தில் கிடந்தன. பக்கத்தில் ஒரு அகப்பை.

மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "திருப்பி ஆருக்கும் அடிச்சிரும் எண்டு நான்தான் அகப்பைக் காம்பால தட்டிவிட்டன். மரம் எண்டா கரண்ட் அடிக்காதுதானே, மகன்?"

அடிக்காது. அன்றைக்கு அந்த வீட்டில் மின்சாரத்தைப் பற்றிச் சரியாகத் தெரிந்திருந்த ஒரே ஆள் மாமிதான்.

எத்தனையோ அவமானங்களை வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். எதனோடும் இணைக்காத பொத்தானை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கால் மணி நேரம், வருங்கால மாமனாருக்கு முன்னால் அழுத்தியதற்கு அவை கிட்டவும் வராது. காது இரண்டும் கொதித்தன. அந்தக் காதுகளை மேசையில் வைத்திருந்தால் பொட்டு கூரைக்கே ஏறியிருக்கும்.

அத்தான் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "இப்பதான் கழண்டிருக்கும் மாமா. முதல்ல எல்லாம் சரியாத்தான் வேல செஞ்ச."

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மானம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அந்த மனிதர் ஏழெட்டுத் தரம் பொறுமையாகப் பார்த்துப் பிடித்த ஒன்றை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இல்ல அத்தான்" என்றேன். "ஒரு தரங்கூட அது நான் அழுத்தி அசையல்ல. மாமா சொன்னதுதான் சரி. அது முழுக்கச் சூடு."

சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்தேன். கல்யாணம் முடிந்த கதை என்றே நினைத்தேன். தயிர்ச்சட்டியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டிவருமோ என்றுகூட யோசனை ஓடியது.

மாமா தன் கதிரையை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டார். "அது சரி. சூட்டுக்கு ஏன் அசையிது?"

எனக்குப் பெரிய சொற்கள் சொல்லும் தெம்பு போய்விட்டிருந்தது. இருந்த தமிழில் சொன்னேன். "இந்தச் சட்டம் அலுமினியம் மாமா. சூட்டுக்குக் கூட விரியும். உள்ளுக்க இருக்கிற பீங்கான் அவ்வளவு விரியாது. ரெண்டும் ஒருமாதிரி விரியாதபடியா இடையில இருக்கிற கண்ணாடி திரும்புது."

"வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டா அடிக்கிறதும் இப்பிடித்தான்" என்றார் அவர். "சூடாக்கினா விரியும். மரத்துல பூட்டித் தண்ணி ஊத்தினா இறுக்கிப் பிடிக்கும்." பிறகு விளக்கைக் கையில் எடுத்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் நானும் அவரும் செய்த ஆராய்ச்சியை ஆறு வருடத்தில் நான் செய்ததில்லை. விளக்கைக் கிட்ட வைத்தோம், எட்ட வைத்தோம். ஈரத்துணி போர்த்தினோம். சுகந்தி கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் பொட்டு போய் நின்ற இடத்தில், மாமா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கலண்டரில் கோடு போட்டார். பிறகு வயரைக் கொழுவி, மாமியைக் கும்பிட்டு அனுமதி வாங்கி, பொத்தானை அழுத்தினேன். பொட்டு டக்கென்று ஏறியது. ஏறிய கையோடு சூட்டுக்கு நழுவத் தொடங்கியது.

மாமா பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார்.

"அப்ப உங்கட வேல, வெயில் என்ன செஞ்சாலும் இது சொன்ன இடத்துல நிக்கப் பாக்குறது."

என் ஆறு வருட ஆராய்ச்சியை யாரும் இப்படிச் சொன்னதில்லை. நானே சொன்னதில்லை.

"ஓம் மாமா. அதுதான்."

"நிக்குதா?"

"இன்னும் இல்ல."

அவர் சிரித்தார். அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார். "எனக்கு விளங்கிற்று" என்று மாமியைப் பார்த்துச் சொன்னார். "அந்தக் கச்சேரிப் பொடியன்ட குறிப்பத் திருப்பிக் குடுத்தனுப்பு."

ஏன் சம்மதித்தார் என்று கல்யாணத்துக்குப் பிறகு சுகந்தி அவரிடம் கேட்டாளாம். என் அறிவு, நேர்மை என்று ஏதாவது சொல்வார் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தேன். "வயர் கழண்டு கிடக்கிறதே தெரியாத ஆள், நம்மள எப்பிடிப் புள்ள ஏமாத்துவான்?" என்றார்.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறேன், சாரத்தோடுதான் உலாவுகிறேன். பென்சில் கோடு போட்ட கலண்டர் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. வீட்டில் நான் எதற்கும் பெருமை கொண்டாட முடியாது. நான் வைத்த பருப்பு ருசியாக இருந்தால் சுகந்தி கேட்பாள், வயர் கொழுவியிருக்கா என்று. இன்றைக்கு மழை வரும் என்று சொல்லி மழையும் வந்துவிட்டால் மாமி கேட்பார். கணக்கில் மகள் நூறு வாங்கியது நான் சொல்லிக்கொடுத்ததால்தான் என்று சொன்னபோது, அந்தச் சம்பவம் நடந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு பிறந்த அவளும் கேட்டாள். ஆராய்ச்சிப் பட்டம் கிடைத்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அத்தான் கேட்ட முதல் கேள்வியும் அதுவே.

போன சித்திரையில், சூட்டுக்கு அசையாதபடி திருத்திய புதுச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமி வழமைபோல வெள்ளைத் துணி விரித்து, ஐந்து திரி விளக்கை ஒரு சாணில் வைத்தார். (பொட்டு மட்டும் அகப்பைக் காம்பால் வைத்தார்.) அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் வந்து அமர்ந்தார்கள். யன்னலைச் சாத்தினோம். பொத்தானை அழுத்தினேன், பொட்டு ஏறியது, ஏறிய இடத்தில் நின்றது. விளக்கு எரிந்தது, மின்விசிறி தலையாட்டியது, சாம்பிராணி புகைந்தது. பொட்டு அசையவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி நேரம்.

"ஒண்டும் நடக்கல்லயே" என்று ஒருவர் எழும்பப் பார்த்தார்.

"இரு" என்று மாமா அவரை அமத்தினார். "நடக்காம இருக்கிறதுதான் மருமகன்ட வேல."

சொல்லிவிட்டு நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவர் மெதுவாக எழுந்து, மேசைக்கு வந்து, குனிந்து, மின்பெட்டியிலிருந்து வயரை விரலால் தடவிக்கொண்டே பீங்கான் வரைக்கும் போய்ப் பார்த்தார். நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"கொழுவித்தான் இருக்கு."